யாருடைய வண்டிக்கு எரிபொருள்?

பெற்றோல் விலை ஏறும்போதெல்லாம் நம் நாட்டில் மூன்று வகையான உபதேசங்கள் கேட்கத் தொடங்கும். சிக்கனமாயிருங்கள் என்பர் ஆட்சியாளர். மின்சாரக் காரை வாங்குங்கள் என்பர் வணிகர். வரியைக் குறையுங்கள், விலை தானே இறங்கும் என்று முழங்கும் எதிர்க்கட்சி மேடைகள். ஒன்றுக்கொன்று முரணானவை போலத் தோன்றினும் மூன்றுக்கும் அடிப்படை ஒன்றே. வண்டியின் தாங்கியில் எதை ஊற்றுவது, என்ன விலைக்கு ஊற்றுவது என்பதே அவை எழுப்பும் கேள்வி. அந்த வண்டி யாருடையது, அதில் யார் போகிறார், வண்டியே இல்லாதவன் எவ்வாறு போகிறான் என்ற கேள்விகளை அவை எழுப்புவதில்லை. முற்போக்காளர் என்று தம்மைக் கூறிக்கொள்வோரிற் பலரும் இம்மூன்றில் ஒன்றையே தம் குரலாக்கிக் கொண்டிருப்பதுதான் இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

விலை என்பது கணக்கியல் அன்று; அரசியல். இவ்வுண்மையை இந்நாட்டு மக்கள் எவரிடமும் பாடங் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. 1953 ஆம் ஆண்டில் பங்கீட்டு அரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது, ஆகஸ்ட் 12 ஆம் திகதி நாடு முழுவதும் எழுந்த ஹர்த்தால் ஒரு பிரதமரைப் பதவி துறக்கச் செய்தது. அன்று அரிசி, பின்னர் எண்ணெய்.

எண்ணெயின் வரலாறும் அத்தகையதே. ஷெல், எஸ்ஸோ, கல்டெக்ஸ் ஆகிய அந்நியக் கம்பனிகள் இந்நாட்டின் எண்ணெய் வணிகத்தைத் தம் கைக்குள் வைத்திருந்த காலத்தில், 1961 ஆம் ஆண்டின் சட்டத்தால் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது. அடுத்த ஆண்டு அக்கம்பனிகளின் சொத்துக்களில் ஒரு பகுதி சுவீகரிக்கப்பட்டது. அதற்குக் கிடைத்த பதில் யாது? 1963 பெப்ரவரியில் ஐக்கிய அமெரிக்கா இலங்கைக்கு வழங்கிய உதவியை நிறுத்தியது. அமெரிக்க உடைமைகளுக்கு நட்டஈடு வழங்காத நாடுகளைத் தண்டிப்பதற்கென இயற்றப்பட்ட ஹிக்கன்லூப்பர் திருத்தம் முதன்முதலாகப் பிரயோகிக்கப்பட்டது இச்சிறு தீவின்மீதுதான். அந்த மிரட்டலுக்குப் பணியாமல் 1964 இல் எண்ணெய் வணிகம் முழுவதும் கூட்டுத்தாபனத்தின் பொறுப்பாயிற்று. 1969 இல் சப்புகஸ்கந்தவில் சுத்திகரிப்பு நிலையமும் எழுந்தது.

இவை பெருமைக்குரிய நிகழ்ச்சிகளே. ஆயினும் அவற்றின் எல்லையையும் நாம் காணவேண்டும். விநியோகம் நம்முடையதாயிற்று, எண்ணெய் நம்முடையதாகவில்லை. சுத்திகரிப்பு நிலையம் நம் மண்ணில் நின்றது. அதன் வாயிற் போடவேண்டிய மசகெண்ணெய் கப்பலில் வந்தது. 1973 இல் உலகச் சந்தையில் எண்ணெய் விலை சில மாதங்களுக்குள் ஏறத்தாழ நான்கு மடங்காகியபோது இந்த உண்மை சுட்டது. அதன் பின்னரேனும் எண்ணெயில் தங்கியிராத போக்குவரத்து ஒன்றை அமைத்திருக்கவேண்டும். நடந்ததோ வேறு. 1977 இன் பின் திறந்த பொருளாதாரம் என்ற பெயரில் கார்களுக்கும் மோட்டார்ச் சைக்கிள்களுக்கும் முச்சக்கர வண்டிகளுக்கும் துறைமுகம் திறந்துவிடப்பட்டது. 2003 இல் சில்லறை விற்பனையின் ஒரு பகுதி இந்திய எண்ணெய்க் கூட்டுத்தாபனத்தின் கிளை நிறுவனத்திற்குப் போயிற்று. 2023 இல் சீனத்தின் சினொபெக் வந்தது. ஒரு காலத்தில் மூன்று கம்பனிகளை வெளியேற்றிய நாடு, மீண்டும் கம்பனிகளை வரவேற்று மாலையிட்டது.

புறநானூற்றில் உமணர் வண்டியைப் பற்றி ஒளவையார் பாடும் செய்யுளொன்றுண்டு. உப்பேற்றிச் செல்லும் அவ்வணிகர், மேட்டிலும் பள்ளத்திலும் அச்சு முறிந்தால் என் செய்வது என்றெண்ணி, வண்டியின் கீழே இன்னுமோர் அச்சைக் கட்டிச் செல்வர். அதனைச் சேமவச்சு என்பர். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் உப்பு வணிகனுக்கு இருந்த இந்த முன்யோசனை, பட்டம் பெற்ற பொருளியலாளரை வைத்து ஆண்ட நம் அரசாங்கங்களுக்கு இருக்கவில்லை. 2022 இல் அச்சு முறிந்தது.

அவ்வாண்டின் கணக்கை மறந்துவிடலாகாது. 2021 டிசம்பர் நடுப்பகுதியில் 157 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் பெற்றோல், 177, 254, 338, 420 எனப் படியேறி 2022 ஜூன் இறுதியில் 470 ரூபாவாயிற்று. டீசல் 111 ரூபாவிலிருந்து 460 ஆயிற்று. ஏப்ரல் 12 ஆம் திகதி அரசாங்கம் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியது. அடுத்த வாரம், ஏப்ரல் 19 இல், எரிபொருள் விலையேற்றத்தை எதிர்த்து றம்புக்கனையில் வீதிக்கு வந்த மக்கள்மீது பொலிசார் சுட்டதில் ஒருவர் மாண்டார். ஜூன் இறுதியில் அத்தியாவசிய சேவைகள் தவிர்ந்த ஏனையோருக்கு எரிபொருள் விற்பனையே நிறுத்தப்பட்டது. பாடசாலைகள் வாரக்கணக்கில் மூடிக் கிடந்தன. ஜூலை 9 இல் மக்கள் ஜனாதிபதி மாளிகையினுள் நுழைந்தனர்.

இவையெல்லாம் செய்தித்தாள்களில் வந்தவை. அவ்வளவாகப் பேசப்படாத ஒன்று உண்டு. 2022 ஆகஸ்ட் மாதத்தில் ஒரே இரவில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்த்தப்பட்டது. பெற்றோலுக்கு ஆறு மாதத்தில் நேர்ந்தது மண்ணெண்ணெய்க்கு ஓரிரவில் நேர்ந்தது. மண்ணெண்ணெயைப் பாவிப்போர் யார்? வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய சிறு படகோடு கடலுக்குப் போகும் மீனவர். வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் கிணற்றுநீர் இறைக்கும் வலிகாமத்துத் தோட்டக்காரர். மின்னிணைப்புக்கு வழியற்ற குடிசையினர். மலையக லயத்தில் அடுப்பெரிப்போர். சப்புகஸ்கந்த நிலையம் அந்நியச் செலாவணி இன்றி 2021 நவம்பரில் மூடப்பட்ட நாள்முதல் மண்ணெண்ணெய் கிடைப்பதே அரிதாயிற்று. கிடைக்கத் தொடங்கியபோது அது அவர்கள் கைக்கெட்டாத விலையில் வந்தது. கொழும்பில் காரின் வரிசையைப் படம்பிடித்த கமராக்கள், கரையில் கவிழ்த்துக் கிடந்த படகுகளின் வரிசையை அதிகம் கண்டுகொள்ளவில்லை.

பங்கீட்டு முறை வந்தபோது நீதி வந்துவிட்டது எனப் பலர் மகிழ்ந்தனர். கியூஆர் குறியீட்டைக் காட்டி வாரந்தோறும் எரிபொருள் பெறும் அத்திட்டம் ஒழுங்கைக் கொணர்ந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் பங்கின் அளவைப் பாருங்கள். தொடக்கத்தில் மோட்டார்ச் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5, காருக்கு 20. வாடகைக்கு ஓடி வயிறு கழுவும் முச்சக்கர வண்டிச் சாரதிக்கு ஐந்து. காரில் அலுவலகம் போகும் கனவானுக்கு இருபது. அரிசிப் பங்கீட்டில் ஆளுக்கு இவ்வளவு என அளந்த நாடு, எண்ணெய்ப் பங்கீட்டில் வண்டிக்கு இவ்வளவு என அளந்தது. வண்டியில்லாதவனின் பங்கு பூச்சியம்.  உடைமையே தேவையின் அளவுகோலாகும் சமுதாயத்தில் வரிசைகூட வர்க்க பேதமுடையதே.

வண்டியில்லாதவனுக்குப் பெற்றோல் விலையால் என்ன நட்டம் என்று கேட்போர் உளர். 2022 ஜனவரியில் 17 ரூபாவாக இருந்த பஸ்ஸின் ஆகக் குறைந்த கட்டணம் ஜூலையில் 40 ரூபாவாயிற்று. சந்தைக்கு வரும் மரக்கறியின் விலையில் லொறியின் டீசல் இருக்கிறது. ஒருபோதும் எரிபொருள் நிரப்பு நிலையத்தில் காலடி வையாதவனும் ஒவ்வொரு நாளும் எண்ணெய்க்குப் பணஞ் செலுத்துகிறான்.

இங்கே நம்மவர் ஒரு சிலரோடு மாறுபடவேண்டியுள்ளது. “பெற்றோல் விலையைக் குறை” என்பதை மட்டும் மக்கள் கோரிக்கையாக முன்வைப்பது போதாது. ஒருவகையில் அது பிழையுமாகும். மாதந்தோறும் உலகச் சந்தை விலையை அப்படியே மக்கள் தலையிற் கட்டும் விலைச் சூத்திரத்தை நாம் எதிர்க்கிறோம். சர்வதேச நாணய நிதியத்தோடு 2023 மார்ச்சில் முடிவான உடன்பாட்டின் பின் அச்சூத்திரம் இயற்கை விதிபோலப் போதிக்கப்படுகிறது. மழை பெய்வதுபோல விலை ஏறும் என நம்பவைக்கிறார்கள். ஆனால் சூத்திரத்தை எதிர்ப்பதற்காக எல்லார்க்கும் ஒரே மானியம் கோருவோமாயின், ஐம்பது லீற்றர் நிரப்புவோனுக்கு ஐம்பது பங்கும், இரண்டு லீற்றர் நிரப்புவோனுக்கு இரண்டு பங்கும், பஸ்ஸில் போவோனுக்கு எதுவும் இல்லாததுமான ஒரு மானியத்தையே கோருகின்றோம். மீனவனின் மண்ணெண்ணெய்க்கும் விவசாயியின் நீரிறைக்கும் இயந்திரத்துக்கும் பஸ்ஸின் டீசலுக்கும் மானியம் வேண்டும் என்று உரத்துச் சொல்லுவோம். சொகுசு வண்டியின் தாங்கிக்கு மானியம் கேட்பது நம் வேலையன்று.

இனி, மாற்று எரிபொருள் என்று பேசப்படுவனவற்றை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

தானியத்திலிருந்தும் கரும்பிலிருந்தும் மதுசாரம் வடித்து ஓட்டலாம் என்கிறார்கள். ஓட்டலாம், பிறேசில் 1975 முதல் அதைத் திட்டமிட்டுச் செய்கிறது. ஆனால் ஐக்கிய அமெரிக்கா தன் சோளத்தின் கணிசமான பகுதியை எரிபொருளாக்கத் தொடங்கியதும், 2008 இல் உலகெங்கும் தானிய விலை தீயெனப் பற்றியெரிந்தபோது அதற்கான காரணங்களுள் இதுவும் ஒன்றாக இருந்தது. இந்தியா 2020 முதல் உணவுக் களஞ்சியத்து அரிசியையும் மதுசாரமாக்க அனுமதித்தது. பசித்தவன் வயிற்றுக்கும் காரின் வயிற்றுக்கும் ஒரே சோற்றுப் பானையிலிருந்து பரிமாறுவதாயின் முதற் கவளம் யாருக்குப் போகும் என்பதைச் சந்தை தீர்மானிக்கும். சந்தைக்குப் பசி தெரியாது, பணம் தெரியும்.

காட்டாமணக்கு பற்றியும் ஒரு காலத்தில் பெரும் ஆரவாரம் எழுந்தது. தரிசு நிலத்தில் தண்ணீரின்றி வளரும், விதையிலிருந்து டீசல் ஒழுகும் என்றார்கள். இந்த நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் தமிழ்நாட்டிலும் இந்தியாவின் பிற பகுதிகளிலும் ஏழை விவசாயிகள் அதனை நட்டனர். தண்ணீரில்லா நிலத்தில் செடி நின்றது, விளைச்சல் நிற்கவில்லை. வாங்க வருவதாகச் சொன்னவர்களும் வரவில்லை. சோதனையின் செலவை ஏழையின் நிலம் ஏற்றது.

மின்சாரக் கார் பற்றிப் பேசுவோர் அதனைக் குற்றமற்ற வண்டியாகக் காட்டுகின்றனர். புகைபோக்கி வண்டியில் இல்லை என்பது உண்மை, நுரைச்சோலையில் இருக்கிறது. 900 மெகாவாற் திறனுடைய அந்த அனல்மின் நிலையம் கப்பலில் வரும் நிலக்கரியை எரிக்கிறது. மின்கலத்திற்கு வேண்டிய கோபால்ற் கொங்கோவின் சுரங்கங்களிலிருந்து வருகிறது. அங்கே சிறுவர் உழைப்பு நிலவுவது உலகறிந்த செய்தி. காற்றிலிருந்து மின்சாரம் எடுக்கலாமே எனின், எடுக்கத்தான் வேண்டும். ஆனால் மன்னார்த் தீவின் மக்கள் 2025 இல் புதிய காற்றாலைகளுக்கு எதிராக ஏன் போராடினர்? காற்று பொதுவாயினும் காற்றாலை நிற்கும் நிலமும், தேங்கும் வெள்ளமும், கேட்கப்படாத சம்மதமும் அவர்களுடையவை. எரிபொருள் மாறினால் ஆதிக்கம் தானே மாறிவிடும் என எண்ணுவது வெறும் பேதைமை.

மின்சாரத்தை நாம் வெறுக்கவில்லை. கொழும்பு மாநகரில் 1899 இலேயே மின்சார ட்ராம் ஓடியது. 1953 இல் மின்சார ட்ரொலி பஸ்ஸும் வந்தது. 1960 களின் நடுப்பகுதிக்குள் இரண்டும் மறைந்தன. மின்சாரப் போக்குவரத்து நமக்குப் புதுமையன்று. நாம் கைவிட்ட பழைமை. அன்று அது ஏழைகள் ஏறும் பொது வண்டியாக இருந்தது. இன்று தனியொருவர் வாங்கும் விலையுயர்ந்த பொருளாகத் திரும்பி வந்திருக்கிறது. இவ்விரண்டுக்குமிடையே உள்ள வேறுபாட்டிலேதான் பிரச்சினையின் உயிர்நிலை இருக்கிறது.

துவிச்சக்கர வண்டியைப் போற்றுவோரிடமும் ஒரு சொல். 1990 இல் மீண்டும் போர் மூண்டபின் யாழ்ப்பாணக் குடாநாட்டின்மீது விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையில் பெற்றோலும் அடங்கும். சில துளி பெற்றோலிற் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டிய பழைய கார்களும் மோட்டார்ச் சைக்கிள்களும், நோயாளியையும் நெல்மூடையையும் சுமந்த சைக்கிள்களும், சைக்கிள் டைனமோவிற் பேசிய வானொலிகளும் அக்காலத்தின் அடையாளங்கள். அவை மக்களின் அறிவுக்கும் உறுதிக்கும் சான்று. ஆனால் அந்நாட்களைத் தன்னிறைவின் பொற்காலமெனச் சிலர் இன்று மேடைகளில் வருணிப்பதைக் கேட்கையில் உள்ளம் கொதிக்கிறது. மருத்துவமனைக்குப் போய்ச் சேராத கர்ப்பிணியைக் கேளுங்கள், அது பொற்காலமா என்று. திணிக்கப்பட்ட வறுமையை அறமாக்கிப் பேசுவது, அதைத் திணித்தவனுக்கே வசதி. 2022 இல் கொழும்பு மாளிகைகளிலிருந்து “சைக்கிளில் போங்கள், உடலுக்கு நல்லது” என்ற உபதேசம் வந்ததும் இதே தர்மத்திலிருந்துதான்.

சைக்கிள் பெருமைக்குரிய வாகனமாவது எப்போது? சோவியத் எண்ணெய் நின்றபின் 1990 களில் கியூபா சீனத்திலிருந்து இலட்சக்கணக்கான சைக்கிள்களை இறக்கி மக்களிடையே விநியோகித்தது. அது அரசின் பொறுப்பாயிருந்தது. நெதர்லாந்தில் 1970 களில், கார்களால் குழந்தைகள் மடிவதை எதிர்த்து மக்கள் வீதியில் இறங்கினர். எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்தது. பின்னர்தான் சைக்கிளுக்குத் தனிப்பாதை பெருகியது. சைக்கிளை வாங்கியதால் அந்நாடு மாறவில்லை. வீதியைப் பங்கு கேட்டதால் மாறியது. நமது வீதிகளில் சைக்கிளோட்டும் மாணவி, கனரக வாகனத்துக்கும் வடிகாலுக்கும் இடையே உள்ள ஒரு முழ இடத்தில் உயிரைப் பிடித்துக்கொண்டு போகிறாள்.

ஆகவே, நாம் தேடவேண்டிய மாற்று எது? எளிய கணக்கொன்று போதும். ஒரு பஸ் ஒரு லீற்றர் டீசலில் மூன்று அல்லது நான்கு கிலோமீற்றர் ஓடும். ஐம்பது பேர் அதிற் சென்றால் ஒரு லீற்றரில் நூற்றைம்பது, இருநூறு கிலோமீற்றர் மனிதப் பயணம் நிகழ்கிறது. ஒருவர் மட்டும் அமர்ந்த கார் அதே லீற்றரில் பத்துப் பதினைந்து கிலோமீற்றர் போகும். புகையிரதம் பஸ்ஸையும் வெல்லும். எந்த ஆய்வுகூடமும் கண்டுபிடிக்காத அளவு சிக்கனமான எரிபொருள் ஏற்கெனவே நம்மிடம் உள்ளது. அதன் பெயர் பொதுப் போக்குவரத்து.

1958 ஜனவரி முதலாந் திகதி பஸ் கம்பனிகள் தேசியமயமாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபை பிறந்தது. இலாபமில்லாத கிராமத்துக்கும் பஸ் போகவேண்டும் என்ற கொள்கை அதனோடு பிறந்தது. பின்வந்தோர் அதனைத் துண்டாடினர். அரசியல் அடியாட்களுக்கு வேலை வழங்கும் மடமாக்கினர். உதிரிப்பாகமின்றிச் சாலைகளிற் கிடத்தினர். பிறகு, பொதுத்துறை என்றால் இப்படித்தான் என்று கைகொட்டினர். சபையின் குறைகளை நாம் மூடிமறைக்க வேண்டியதில்லை. ஊழலும் அசட்டையும் அங்கிருந்தன, இருக்கின்றன. அரசுடைமை வேறு, மக்களுடைமை வேறு என்பதை அது நமக்குக் கற்பித்தது. பயணிகளும் தொழிலாளரும் நிருவாகத்தில் குரல் பெறாதவரை பெயர்ப்பலகை மட்டுமே மாறும்.

ஆசிரியராகப் பணிபுரிவோர் யாவரும் அறிந்த காட்சியொன்றைச் சொல்கிறேன். பாடசாலை விடும் நேரத்தில் வெள்ளைச் சீருடை நிற்கும் தரிப்பிடங்களைக் கண்டும் காணாதவை போலத் தனியார் பஸ்கள் விரைகின்றன. சலுகைச் சீட்டு வைத்திருக்கும் பிள்ளையால் இலாபமில்லை. பிந்தி வரும் ஒரேயொரு அரசாங்க பஸ்ஸுக்காக ஒரு மணிநேரம் வெயிலில் நின்று வீடு போய்ச் சேரும் பிள்ளை, மறுநாள் வீட்டுவேலை செய்யாமல் வந்து நம்மிடம் ஏச்சு வாங்குகிறது. மாலை வகுப்புக்கு நிற்கச் சொன்னால் மாணவிகள் தலைகுனிகின்றனர். கடைசி பஸ் போய்விடும். இலவசக் கல்வி என்கிறோம். கல்வி இலவசம், கல்விக்குப் போகும் வழி இலவசமன்று. பின்தங்கிய கிராமத்துப் பாடசாலைக்கு ஆசிரியர் வருவதில்லை எனக் குறைகூறுவோர், அக்கிராமத்துக்கு நாளுக்கு எத்தனை பஸ் போகிறது என்று கேட்பதில்லை.

பணம் எங்கே என்பர். அந்நியச் செலாவணி இல்லையென்று 2020 இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்கும் திறந்துவிடப்பட்டது. அவ்வோராண்டில் மட்டும் நூறு கோடி டொலருக்கும் அதிகமான அந்நியச் செலாவணி வாகனங்களுக்குச் சென்றது. அரசாங்கம் அதனை விரும்பியே செய்தது; ஏனெனில் வாகனங்களின்மீது விதிக்கும் வரி திறைசேரிக்கு வேண்டும், வருமான இலக்கு நாணய நிதியத்துக்கு வேண்டும். மக்கள் கார் வாங்கினால்தான் அரசு வாழும். கார் ஓடினால் எண்ணெய் வேண்டும். எண்ணெய்க்கு மீண்டும் டொலர் வேண்டும். முறிந்த அச்சையே மீண்டும் பூட்டி வண்டியைப் பள்ளத்தை நோக்கி ஓட்டுகிறார்கள். பணமில்லை என்பது பொய். யாருக்கு இல்லை என்பதே உண்மை.

ஆதலால் நம் கோரிக்கைகள் தெளிவாயிருக்கட்டும். கார் இறக்குமதியில் திரட்டும் வரியின் குறித்த பங்கு பஸ்ஸுக்கும் புகையிரதத்துக்கும் ஒதுக்கப்படவேண்டும். மின்சாரம் முதலிற் பொது வண்டிக்கே செல்லவேண்டும். பல தசாப்தங்களாகப் பேசப்படும் கொழும்புப் புறநகர்ப் புகையிரதப் பாதைகளின் மின்மயமாக்கம் பேச்சிலிருந்து தண்டவாளத்துக்கு இறங்கவேண்டும். 1990 இல் அறுந்து 2014 இல் யாழ்ப்பாணத்தை மீண்டும் எட்டிய வடபாதையில், நெடுந்தூரப் பயணிக்கு மட்டுமன்றி நாளாந்தம் வேலைக்கும் பள்ளிக்கும் போவோருக்கும் வண்டிகள் பெருகவேண்டும். பாடசாலை நேரத்தில் பிள்ளைகளை ஏற்றாத பஸ்ஸுக்கு வழி அனுமதி இல்லையென்றாகவேண்டும். மீனவனுக்கும் விவசாயிக்கும் உரிய மண்ணெண்ணெய் உரிய விலையிற் கிடைக்கவேண்டும். வீதியின் ஓரம் சைக்கிளுக்கும் நடப்போருக்கும் உரியதென வரையப்படவேண்டும்.

இவை புரட்சியல்ல என்று சிலர் புன்னகைக்கலாம். நாளாந்த வாழ்வின் கேள்விகளில் மக்களோடு நில்லாதவன் பேசும் புரட்சி ஏட்டுச் சுரைக்காய். எழுத்தாளர் படகின் வரிசையை எழுதட்டும். மாணவர் தத்தம் கிராமத்து வழிகளையும் பஸ் நேரங்களையும் கணக்கெடுத்து வெளியிடட்டும். ஆசிரியர் சங்கங்கள் சம்பளக் கோரிக்கையின் பக்கத்தில் பிள்ளைகளின் பஸ்ஸையும் எழுதிவைக்கட்டும். தாங்கியில் எதை ஊற்றுவது என்ற விவாதத்தை வணிகர்க்கு விட்டுவிடுவோம். வழி எல்லார்க்கும் உரியது என்ற உரிமையை நாம் எடுத்துக்கொள்வோம்.